ரீல் அலறும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள்

கிர்ர்ர்ர்... ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் கிர்ர்ர்ர். குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடுத்தவர் தூண்டில் ரீலுக்கு நூல் சுற்றித் தருகிற வேலையில் இது ஒரு வசதி: எந்தக் கரையில் நூல் பாழாகிக்கொண்டிருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அரை மணி நேரத்தில் அந்த ஆள் என் மேசைக்கு வருவார். ரீல் சரியில்லை என்பார்.

சம்பளத்துக்கு நான் பார்ப்பது வேறு வேலை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் கண் எரியும், தூக்கம் மட்டும் வராது. என் மனைவி கமலா வேறொரு தொழிற்சாலையில் பகல் வேலை; ஆறு மணிக்கே பஸ் ஏறியிருப்பாள். ஆளில்லாத வீட்டில் காற்றாடியின் சுற்றை எண்ணிக்கொண்டு படுத்திருப்பதற்குப் பதிலாக, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செடெனாக் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் இந்த மீன்பிடிக் குளத்துக்கு வந்துவிடுவேன். மதியம் வரை இங்கேதான். நூல் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மற்றவர்கள் வெட்டி எறிந்ததைப் பொறுக்கி வந்து, காவல் அறையில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சென்ற வாரம் திங்கட்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடம் இரவு பார்த்துவிட்டீர்கள், பகல் ஷிப்டில் ஓர் இடம் காலி, வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். கமலாவிடம் சொன்னேன். அதாவது, ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். எங்கள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அந்தக் கதவில்தான் நடக்கும். மறுநாள் பார்த்தால் கீழே ஒரே வார்த்தை: 'எடுங்க.'

நான் உடனே எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேரும் என்னத்தைப் பேசுவோம்? நூல் சிக்கித் தலையைப் பிய்த்துக்கொண்ட அன்பர்களே, அந்த வாரம் முழுக்க நானும் உங்களில் ஒருவன்தான்.

செவ்வாய்: மல்லுக்கட்டியவர்

லாரி ஓட்டும் முனியாண்டிக்கு ஒரு பெரிய பாத்தின் மாட்டியது. பாத்தின் என்றால் மீசை வைத்த, பிடிவாதம் பிடித்த குளத்து மீன். இழுக்க ஆரம்பித்தால் நிறுத்தாது. மீன் ஓடுகிறது, ரீல் நூலை விட்டுக்கொடுத்துக்கொண்டே அலறுகிறது, இவரும் விடாமல் கைப்பிடியைச் சுற்றுகிறார். நம்மில் பாதிப் பேர் செய்கிற குற்றம் இது. மீன் நூலை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சுற்றினால் ஓர் அங்குலம்கூட உள்ளே வராது. கைப்பிடி ஒரு சுற்றுப் போனால் நூலில் நாலைந்து முறுக்கு ஏறும், அவ்வளவுதான் மிச்சம். மீன் ஓடும்வரை கையை எடுத்துவிட வேண்டும். அது நின்ற பிறகு தூண்டில் கோலை மெல்லத் தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்ற வேண்டும்.

மீனை எப்படியோ கரையேற்றிவிட்டார். அடுத்த வீச்சில் நூல் ரீலை விட்டுக் கிளம்பும்போதே சுருண்டு சுருண்டு குருவிக்கூடாகிவிட்டது. மேசைக்குக் கொண்டுவந்தார். மேலே சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கை வேலை செய்யாமல் நிற்பது எப்படி என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கிளம்பும்போது கேட்டார்:

"அண்ணே, அது இழுக்க இழுக்க நான் சும்மா நிக்கணும்னா, நான் மீனைப் பிடிக்கிறேனா, மீன் என்னைப் பிடிக்குதா?"

வியாழன்: விளிம்பு வரை

சின்னத்துரை ஐயா நில அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன் குடும்பம். சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் மீன் பிடிக்க வரமாட்டார். புது ரீலுக்கு வீட்டிலேயே நூல் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். முதல் வீச்சிலேயே நூல் கட்டுக் கட்டாகப் பாய்ந்து வெளியே வந்து விழுந்தது. எப்படிச் சுற்றினீர்கள் என்றேன். பெட்டியில் இருநூறு மீட்டர் பிடிக்கும் என்று போட்டிருந்ததாம். கடையில் வாங்கிய சுருளும் இருநூறு மீட்டராம். ஆகவே விளிம்பு வழிய முழுவதையும் ஏற்றிவிட்டார்.

விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். புதுச் சுருளைத் தரையில் படுக்க வைத்துப் பத்துப் பதினைந்து சுற்று ஏற்றியதும் நிறுத்தி, நூலைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது தானாகச் சுருண்டால் சுருள் தப்பான பக்கம் படுத்திருக்கிறது என்று அர்த்தம். புரட்டிப் போட்டுவிட்டுத் தொடரலாம். நூலை ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினால் இன்னும் நல்லது. ஐயா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு பெட்டியை எடுத்து ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி வாசித்தார். இந்த விதியெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருசம் ஃபைல் பார்த்தனான் தம்பி. எழுதாத விதியாலதான் எல்லாக் கேஸும் பிழையாப் போனது."

வெள்ளி: ரசாக்கின் அவசரம்

ரசாக் என் கூட்டாளிக் காவலர். காஹாங்கில் தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்ததும் என்னோடு குளத்துக்கு வந்தார். நன்றாகத்தான் வீசுவார். தூண்டில் தண்ணீரில் விழுந்த மறுநொடி, நூல் ஓடுவதற்காக ரீலில் திறந்துவிட்ட வளைகம்பியைக் கையால் மூடாமல் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவார். கம்பி 'டக்'கென்று தானே மூடிக்கொள்ளும். பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் தளர்ந்த நூல் ஒரு வளையமாக உள்ளே மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் மற்ற நூல் ஏறிவிடும். அடுத்த வீச்சுக்கு அது முடிச்சாகக் காத்திருக்கும். கம்பியைக் கையால் மூடு, நூலை ஒரு தடவை இழுத்து இறுக்கு, அப்புறம் சுற்று என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு வீச்சுக்குக் கேட்பார். அடுத்ததில் மறுபடியும் 'டக்'.

அவருடைய மூன்றாவது முடிச்சை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தபோது பகல் ஷிப்ட் பற்றிக் கேட்டேன். ரசாக் இரண்டு வருடம் பகல் பார்த்துவிட்டு, தானே கேட்டு வாங்கிக்கொண்டு இரவுக்குத் திரும்பியவர். வேலை அதிகமா, வெயிலா, முதலாளிமார் தொந்தரவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். கடைசியில் அவரே சொன்னார்:

"வேலையெல்லாம் சொகம்லா, அண்ணே. ஒரே ஒரு கஷ்டம், வீட்டுக்கு முழிச்சுக்கிட்டுப் போகணும்."

ஞாயிறு: ஈரத் துணி

சனி இரவு எனக்கு ஓய்வு. வீட்டில் படுத்தேன், புரண்டேன், விடியும் முன்பே குளத்துக்கு வந்துவிட்டேன். குளத்தில் வாடகைக்கு விடும் தூண்டில்கள் ஏழும் முறுக்கேறிக் கிடந்தன. சனிக்கிழமைக் கூட்டம் கோழிக்குடலைப் பெரிதாகக் கோத்து, கிலி-கிலியும் மாட்டாமல் வேக வேகமாக இழுத்திருக்கிறது. கிலி-கிலி என்பது நூலுக்கும் கொக்கிக்கும் நடுவில் போடும் சுழலும் சின்ன வளையம். அது இல்லாவிட்டால் குடல் தண்ணீருக்குள் காற்றாடியாகச் சுற்றும், அந்தச் சுற்று முழுக்க நூலில் ஏறும்.

இதை இறக்க ஒரே வழிதான். கொக்கி, ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் நூலை செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை நெடுக இழுத்துவிட வேண்டும். பிறகு ரீல் பக்கத்திலிருந்து நூலை ஈரத் துணியால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு கடைசி முனை வரை நடக்க வேண்டும். முறுக்கு துணிக்கு முன்னால் ஓடி, கட்டில்லாத முனை வழியாகச் சுழன்று வெளியேறும். இரண்டு மூன்று நடை ஆகும். நான் எப்போதும் கோலைத் தாங்கியில் சாய்த்துவிட்டுத் தனியாகத்தான் நடப்பேன்.

முதல் தூண்டிலைப் பிரித்துப் போட்ட நேரத்தில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கமலா இறங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் இங்கே வந்தது அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல அன்றுதான் கடைசி நாள். நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். நான் செய்வதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். நான் கோலைப் பிடித்தேன். அவள் நூலைக் கிள்ளிக்கொண்டு செம்பனை நிழலில் நடந்து சின்னதாகிக்கொண்டே போனாள். தூரத்தில் நூலின் முனை துள்ளித் துள்ளிச் சுழன்றது. திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

மூன்றாவது நடை முடிந்து வந்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. பகல் ஷிப்ட் என்றால் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன், அதன் பிறகு படுக்கும்வரை நேரம் நிறையக் கிடக்கும், எனக்குப் பேச்சு வராது, உனக்குத்தான் கஷ்டம் என்று ஏதேதோ சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் துணியைப் பிழிந்தாள்.

"பேசச் சொல்லி யாரு கேட்டா? நீங்க குறட்டை விட்டாலே போதும். பன்னெண்டு வருஷமா ராத்திரி நாலு தடவை எந்திரிச்சு நான்தான் கதவைப் பாத்துட்டு வர்றேன்."

சூப்பர்வைசருக்கு அங்கேயே, ஈரக் கையோடு, சரி என்று செய்தி அனுப்பினேன். காவலர் என்று அடையாள அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். உண்மையில் காவல் பார்த்தது யார் என்பது ஒரு வாடகைத் தூண்டிலின் நூலைப் பிரிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது.

இன்னும் ஆறு கிடந்தன. கமலா துணியை வாளியில் முக்கினாள். நான் இரண்டாவது தூண்டிலை எடுத்துக் கொக்கியைக் கழற்றினேன்.