சாமுண்டி மலையில் இரண்டு கார்கள்

பெரியப்பாவிடம் அம்பாசிடர் இருந்தது, அப்பாவிடம் பியட். இரண்டும் அப்போதே பழைய வண்டிகள். மைசூரில் எதிரெதிர் வீடுகளில் இருந்த அண்ணனும் தம்பியும் வேறு எதற்கும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பியட் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், தேவராஜ மார்க்கெட் நெரிசலில் நுழைந்து வெளியே வந்துவிடும் என்பார் அப்பா. சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து எட்டு ஆட்களையும் இரண்டு மூட்டை மஞ்சளையும் அதில் ஏற்றிக் காட்டச் சொல்வார் பெரியப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பேச்சு முற்றி, சாமுண்டி மலை ஏற்றத்தில் எது நன்றாக இழுக்கிறது என்று பார்த்துவிடுவது என்றானது. எப்படியும் கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவும் சம்மதித்தாள். அவளும் பெரியம்மாவும் பியட்டில் ஏறினார்கள். ஒன்பது வயதான நான் வழக்கம்போல அம்பாசிடரின் முன் சீட்டில் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடிவாரத்திலேயே அப்பா எங்களைத் தாண்டிப் போய்விட்டார். பெரியப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, நிதானமாகவே ஏறினார்.

"கண்ணு, முன்னால என்ன வருது?"

"பஸ் வருதுங் பெரியப்பா. லெஃப்ட்ல ஒதுங்கிக்கங்க. அடுத்து ரைட்ல வளைவு."

அவர் அப்படியே செய்தார். அந்தப் பெரிய வண்டி என் சொல்லுக்குத் திரும்புவதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அப்பா பானெட்டில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். "கோயில் நடையே சாத்திருவாங்க போல" என்று சிரித்தார். பெரியப்பா தோற்றதில் எனக்கு ரோஷம் வந்தது.

"நாங்க ஒண்ணும் மெதுவா வரல. எதுத்தாப்பல வர்ற வண்டிய எல்லாம் நான் பாத்துப் பாத்துச் சொல்லோணுமில்ல? ஸ்கூலுக்குப் போறப்பவும் நாந்தான் சொல்றேன்."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். பெரியம்மா பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் மைசூர் தெரியும் பக்கமாகத் திரும்பி நின்றார். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அப்பா மெல்லக் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்ணா. எறங்குறப்ப எல்லாரும் இதுலயே போயிரலாம்."

"உன் வண்டி?"

"கெடக்கட்டும். நாளைக்கு பஸ்ல வந்து எடுத்துக்கறேன். நீங்க சொல்றது செரிதாங்ணா, இதுலதான் எடம் ஜாஸ்தி."

பெரியப்பா சட்டைப்பையில் வெகுநேரம் துழாவிவிட்டுச் சாவியைத் தந்தார். பிறகு பின்கதவைத் திறந்து, பெரியம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். அந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. முந்தி வந்த பியட்டை அப்பா மலைமேலேயே விட்டுவிட்டு, அம்பாசிடரே மேல் என்று அத்தனை பேர் எதிரிலும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்திருந்தது.

வழியெல்லாம் நான் பெரியப்பாவின் கையைக் குலுக்கிக்கொண்டே வந்தேன்.

"நாமதான் ஜெயிச்சோம், பெரியப்பா."

"ஆமா கண்ணு" என்றார் அவர்.