நைட் ஷிப்ட் பூட்டு

எங்கள் பிளாக்கில் பட்டப்பகலில் ஒரு வீட்டுக் கதவில் பூட்டு தொங்கினால், உள்ளே ஆள் இல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன் தூங்குகிறார் என்றுதான் அர்த்தம். பெண்கள் வெளியில் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவார்கள். கீரைக்காரி, தபால்காரர் எல்லாரும் பூட்டைப் பார்த்ததும் சத்தம் போடாமல் நகர்ந்துவிடுவார்கள். நெய்வேலிக்கு வந்த புதிதில், புருஷனை வைத்துப் பூட்டுவதாவது என்று எனக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு நானும் பழகிவிட்டேன்.

அப்போது எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பர்மனன்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அப்படி விடக்கூடாது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் நாங்கள் அங்கே இருப்பதே தெரியாமல் இருந்தோம். முன்பக்கத்து வீட்டுக்கார அம்மாவை அக்கா என்று கூப்பிடுவேன். துணி உலர்த்தினால்கூட அக்காவின் துணிகளுக்கு நடுவில்தான் போடுவேன்.

மற்றவர்கள் வீட்டில் கதவு தொங்கினாலோ தாழ்ப்பாள் இறுகினாலோ கம்பெனியின் கம்ப்ளைண்ட் ஆபீஸில் சொன்னால் போதும், தச்சர் வருவார். எங்கள் கதவுக்கு யார் போய்ச் சொல்வது? கதவைப் பார்க்க வருகிறவர், கதவுக்குப் பின்னால் குடியிருப்பது யார் என்று கேட்பாரே. அந்நியரிடம் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வேறு. ஆக, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன்.

கீல் ஆடினால் ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகி மறுபடி முறுக்குவேன். கிண்ணென்று பிடித்துக்கொள்ளும். தாழ்ப்பாள் கிறீச்சிட்டால் மெழுகுவத்தியைத் தேய்ப்பேன். ஒருமுறை கொண்டி கையோடு வந்துவிட்டது. நீளமான ஸ்க்ரூ போட்டு, பூட்டியபின் அதன் தலை கொண்டிக்கு அடியில் மறையும்படி மாட்டினேன். திருடன் வந்தாலும் கழற்ற முடியாது என்று அதில் எனக்கு ஒரு பெருமை.

பூட்டு, என் அப்பா பண்ருட்டியில் வாங்கிச் சீரோடு கொடுத்த பித்தளை மாங்காய்ப் பூட்டு. பவர் ஹவுஸ் சாம்பல் மாவு சலித்ததுபோல் விழுகிற ஊர் இது. கொடித் துணியில் விழுவது பூட்டின் வாயிலும் விழும். அவ்வப்போது பூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உதறி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன். மேலே புளி போட்டுத் தேய்ப்பேன்.

"பெத்த பிள்ளைக்குக் கூட இம்புட்டு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்ட மாட்டாளுக" என்று அக்கா கேலி செய்வார்.

அந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனன்ட் செய்யப்போகிறார்கள் என்று, என் வீட்டுக்காரரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு. வராதவன் பெயர் விட்டுப்போனதுதான், மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. முந்தின ராத்திரி லீவும் கிடைக்கவில்லை. காலையில் வந்தவர், "சித்த கண்ண மூடறேன்மே. பன்னெண்டு மணிக்கு எழுப்பிவுட்டுடு" என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

நல்ல காரியத்துக்குப் போகிற வீடு என்று முந்தின நாள்தான் பூட்டைச் சுத்தம் செய்திருந்தேன். மிஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. விளக்கெண்ணெய் கெட்டியாயிற்றே, நாள்பட நிற்கும் என்று அதைத் தாராளமாக விட்டேன். காலையில் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டு, இஸ்திரிக்குக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையை வாங்கப் போனேன். வண்டிக்காரருக்குக் கரி பற்றவே நேரமாகிவிட்டது. பன்னிரண்டு தாண்டி நான் திரும்பியபோது அக்கா வீட்டு ரேடியோவில் பகல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். பாதி திரும்பி நின்றுவிட்டது. அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அக்கா வெளியே வந்தார். "ஏய் இவளே, என்னத்தப் பூட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிற?"

"சிக்கிகிச்சிக்கா. அவுரு உள்ள தூங்கிகினு இருக்காரு. ரெண்டு மணிக்கு இன்டர்வியூ."

"நல்லாருக்குடி! ஊர்ல பொம்பளைங்க புருஷன முந்தானைல முடிவாளுக. நீ பூட்டே போட்டுட்டியே" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தள்ளு. அம்மிக் குழவியக் கொண்டாரேன், ஒரே போடு."

குழவியால் போட்டால் பிளாக்கே கூடிவிடும். கதவு பிளந்தால் தச்சர் வந்தாக வேண்டும். பர்மனன்ட் ஆகப்போகிற நாளில் அந்த அறையும் போய்விடும், அக்கா குடும்பத்துக்கும் கெட்ட பெயர்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "மணி இன்னாமே?"

"ஒண்ணேகால் இருக்குங்க. பூட்டு தொறக்கமாட்டேங்குது."

"நீதான் அதைக் கொழந்த மாதிரி வளர்த்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "உள்ளேருந்து கொண்டியக் கழட்டிடவா?"

"முடியாதுங்க. ஸ்க்ரூல்லாம் வெளிப்பக்கம், கொண்டிக்கு அடியில."

"எந்தக் கம்மனாட்டி அப்டி மாட்டினான்?"

மாட்டியது யார் என்று அவருக்கே ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இறுக்கி ஒரு முறுக்கு முறுக்குவம்" என்று அக்கா சாவியைப் பிடித்தார்.

"முறுக்காதீங்கக்கா!" என்று கத்திவிட்டேன். நான் அந்த வீட்டில் குரல் உயர்த்தியது அன்றுதான். அக்கா சாவியை விட்டுவிட்டார். சாவி உள்ளே முறிந்தால் அப்புறம் குழவிதான் கதி. "கொஞ்சம் கிருஷ்ணாயில் இருந்தா குடுங்கக்கா. என்னுது உள்ள மாட்டிக்கிச்சி."

அக்கா ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். பூட்டின் வாய் மேலே பார்க்கும்படி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துடைப்பக் குச்சியை நனைத்துச் சாவியின் ஓரமாகச் சொட்டவிட்டேன். ஊறவிட்டுக் கவிழ்த்தபோது கண்மைபோல் ஒரு குழம்பு வழிந்தது. விளக்கெண்ணெயும் சாம்பலும் சேர்ந்து பசையாகியிருந்தன. மறுபடி சொட்டவிட்டு, அக்கா வீட்டு மத்தின் கட்டைப் பக்கத்தால் மெதுவாகத் தட்டினேன். சாவி மயிரிழையளவு அசைந்தது.

இதற்குள் அவர் உள்ளே குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, தலை சீவி, கம்பிக்கு இடையில் கை நீட்டினார். சட்டையைச் சுருட்டித்தான் கொடுக்க முடிந்தது. மடிப்பெல்லாம் போயிற்று.

"இதுக்குத்தான் இஸ்திரி போட்டுகினு வந்தியா?"

"மாப்பிள்ளை முறுக்குக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. சட்டைய மாட்டுங்கண்ணே" என்றார் அக்கா.

மூன்றாம் முறை சொட்டவிட்டேன். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். 'டக்' என்றது. கொக்கி எகிறிப் பூட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அக்கா, "அப்பாடா, முருகா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "நான் வர்ற வரிக்கும் அந்தப் பூட்டத் தொடாத!" என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

சாயங்காலம் வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "டைமுக்குப் போய்ட்டேன்மே" என்றார். அது போதும் என்றிருந்தது எனக்கு. கொஞ்ச நாள் கழித்துப் பெயர் போட்டார்கள். அவர் பெயரும் இருந்தது.

குவார்ட்டர்ஸ் கிடைத்து வேறு பிளாக்குக்கு வந்தோம். அந்த வீட்டுப் பின்கதவில் தாழ்ப்பாள் இறங்கவில்லை. "இப்பதான் நம்ம வூடாச்சே. கம்ப்ளைண்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லு" என்றார் அவர். கூச்சத்தோடு போய் நின்றேன். அங்கே இருந்தவர் தலை நிமிராமல், "எந்த பிளாக்? வூட்டு நம்பர்?" என்றார். சொன்னேன். காதில் விழவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். உரக்கச் சொன்னேன்.

தச்சர் வர இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அதுவரை கை சும்மா இருக்குமா? வந்தவர் தாழ்ப்பாளை இழுத்தார், தள்ளினார். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

"நல்லாத்தானம்மா இருக்குது. அப்பறம் எதுக்கு கம்ப்ளைண்ட் குடுத்தீங்க?"

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.