வேறு அளவில் தைத்த சட்டை

அத்தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டருக்குள் வெளியாள் யாரோ புகுந்துவிட்டானாம். சித்தி மகள் சொன்னாள். அவளுக்கு, அங்கே பில் போடுகிறவரின் மனைவி சொன்னாளாம். "கூட வேலை பாக்குற பொண்ணுதான் வழி விட்டுட்டாளாம். நம்ம அத்தான் மட்டும் இல்லேன்னா அவ்வளவுதான்!"

கடல் தாண்டி இருப்பவனுக்கு நல்ல சேதியும் முழுசாக வந்ததா என்ற சந்தேகம்தான். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். புருஷன் பெருமையைப் பேசாமல், "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டாள்.

லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் இரண்டு விதமாகக் கிடைக்கும். யாரோ கட்டித் தயாராக வைத்த தொகுப்பை இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் பழசா புதுசா என்று பார்க்காமல் எதிலும் ஓடும். அல்லது எழுதியவர்களின் மூல நிரலை எடுத்து, மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். நேரம் பிடிக்கும், ஆனால் மெஷினின் மூளையான பிராசஸர் எதுவோ, அதற்கென்றே அமைத்துக்கொள்ளலாம். அத்தான் இரண்டாவது ரகம். "ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் சேரும், ஒருத்தருக்கும் பொருந்தாது மாப்ளே" என்பார். வீட்டில் அவருடைய மெஷின் எந்நேரமும் எதையாவது கம்பைல் செய்தபடி இரைந்துகொண்டிருக்கும். அதன் சூட்டுக்காற்றில் அக்கா கைக்குட்டை உலர்த்துவாள்.

கூடத்தில் அவரோடு கம்ப்யூட்டர்களைப் பராமரித்த பெண்ணோ தயார்த் தொகுப்பைப் போட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போகிறவள். அத்தான் அவளுக்கு ரெடிமேட் என்றே பெயர் வைத்திருந்தார்.

"என்ன ரெடிமேட், அதுக்குள்ள பையைத் தூக்கியாச்சா?"

"ஆமா சார். நீங்க ஊசியில நூல் கோத்து முடிங்க, நாளைக்கு வந்து சட்டையைப் பாக்கறேன்."

பரிசோதனை முடிவுகளைக் காட்டும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. கூடத்து மெஷின் பழசு. அதில் கம்பைல் செய்தால் விடிந்துவிடும். அதனால் அத்தான் வீட்டுப் புது மெஷினில், அதன் பிராசஸருக்குள்ள திறமை எல்லாவற்றையும் பயன்படுத்தும்படி கட்டி, விடுமுறையன்று பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்றினார். மறுநாள் காலை மென்பொருள் திறந்த வேகத்தில் நின்றுபோனது. மறுபடி திறந்தார், மறுபடி நின்றது.

வெளியே கையை மடித்துப் பஞ்சை அழுத்தியபடி கூட்டம் நின்றது. "இன்னும் எவ்வளவு நேரம்யா? பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது" என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அப்போதுதான் திரையில் இருந்த ஒற்றை வரியை அத்தான் நிதானமாகப் படித்தார். பழைய பிராசஸருக்குத் தெரியாத கட்டளை. வீட்டு மெஷினின் அளவில் தைத்ததை இதற்கு மாட்டியிருக்கிறார்.

மெஷின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இத்தனை காலம் கேலி செய்த அதே தயார்த் தொகுப்பை இறக்கிப் போட்டார். எல்லாம் ஓடத் தொடங்கியது.

"என்னதாங்க ஆச்சு?" என்றார் மேலாளர்.

கம்பைல் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "வெளியிலேர்ந்து யாரோ நுழைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. பாத்துக்கிட்டேன் சார்."

மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு, விடுமுறையன்று வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வந்தது யார் என்று தேடச் சொன்னார். வீட்டிலிருந்தபடி ஏதோ சரிபார்த்த ரெடிமேட் அகப்பட்டாள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள்.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார். நான் என்ன பண்ணேன்?"

அத்தான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டு மெஷின் இரையவில்லை. அக்காவுக்குச் சந்தேகம் வர அதுவே போதுமாக இருந்தது. "வீடு இப்படி அமைதியா இருந்ததே இல்லையே. என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று அவள் கேட்டதும், மனிதர் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா திட்டவில்லை. "அந்தப் பொண்ணு வீட்லயும் நாலு பேர் கேப்பாங்கல்ல?" என்றாள். அவ்வளவுதான்.

இன்று அத்தான் மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாராம். "அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நாங்க கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாராம் அவர்.

இதையெல்லாம் அக்காவே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "போன்ல அவ பேரைக்கூட ரெடிமேட்னுதான் போட்டு வச்சிருக்கேன்."

"பேரை அப்புறம் மாத்திக்கலாங்க. முதல்ல கூப்பிடுங்க."

ஸ்பீக்கரில் போட்டார் போலிருக்கிறது. மணி அடிப்பது எனக்கும் கேட்டது. அது அடித்துக்கொண்டே இருந்தது.