வெடிக்கரட்டுப் பிள்ளைக் கொட்டகை

போன வாரம் ஜலகண்டாபுரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் பளபளத்தது. இந்தக் காலத்தில் யார் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் வைக்கிறார்கள்? அந்த வாடை மூக்கில் ஏறியதில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு மைல் போய்விட்டேன். இறங்கித் திரும்பி நடந்தேன். நடப்பது எனக்குப் புதிதல்ல.

அது பாவாயியின் வாடை. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள். எனக்கு இருபது வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, தறி, மாட்டுவண்டி, புகையிலைக் கிடங்கு என்று எதிலும் ஆறு மாதம் நிலைக்காமல் சுற்றி, ரோட்டுக்குச் சல்லி உடைக்கும் ஒரு கரட்டுக்கு வந்து சேர்ந்தேன். கரடு என்றால் எங்கள் பக்கத்தில் சின்னக் குன்று. கல் சுமக்கிற உடம்பு இல்லை என்று மேஸ்திரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு விசிலும், சிவப்புத் துணி கட்டிய கழியும் கொடுத்தார். வெடி வைக்குமுன் உச்சியில் நின்று விசில் ஊதிக் கொடியை ஆட்ட வேண்டும். வெடித்து முடிந்ததும் இறக்க வேண்டும். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான்.

கரட்டடியில், பாறை மறைவில், பனங்கட்டைகளைக் கூரையாக அடுக்கிய கொட்டகை ஒன்று இருந்தது. கல் விழுந்து கால் நசுங்கிய பாவாயி, மேஸ்திரியிடம் சண்டை போட்டு வாங்கியது. சுமைக்காரப் பெண்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அவள் பொறுப்பு. காலையில் எல்லாத் தலைக்கும் எண்ணெய். பிறகு சல்லிக்கற்களை அடுக்கி எண்ணப் பழக்குவாள். நானும் மணலில் அ, ஆ எழுதிக் காட்டுவேன். ஔவுக்குப் போனதில்லை, அங்கே எனக்கே கொஞ்சம் தடுமாற்றம். மத்தியானம் எல்லோருக்கும் ஒரே பானைக் கம்பங்கூழ். “எல்லாச் சாதிக்கும் ஒரே பானையா?” என்று ஒருத்தி முகம் சுளித்தபோது பாவாயி சொன்னாள்: “உன்ற புள்ளைக்குத் தனிப் பானை வேணும்னா, பாத்துக்கத் தனி ஆளும் வெச்சுக்க.”

விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டும். கொட்டகையின் ஒரே சட்டம் இது. இதனால்தான் தங்காயியை மட்டும் அவள் சேர்க்கவில்லை. நாலு வயதுப் பெண், பிறவியிலேயே காது கேட்காது. அவள் அம்மா பழைய சேலைத் துண்டால் அவளை ஒரு வேலாமரத்தில் கட்டிவிட்டுக் கல் சுமப்பாள். விசில் கேட்டதும் ஓடிவந்து அவிழ்ப்பாள். ஒருநாள் அவிழ்க்குமுன் வெடித்துவிட்டது. முழங்கை அளவுக் கல் ஒன்று பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அன்றைக்கு அந்த அம்மா பாவாயியின் காலைப் பிடித்தாள். “அக்கா, நீங்கதானுங்க வெச்சுக்கோணும்.”

“எப்படிடி? இந்தக் காலோட அவள எங்கன்னு தேடுவேன்?” என்ற பாவாயி, தங்காயியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். “சரி, சந்தை நாள் வரைக்கும் பாக்கறேன். சரிப்படலைன்னா கூட்டிட்டுப் போயிரு.”

அதற்கு நாலு நாள் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பாவாயி தங்காயியின் முகத்தைப் பிடித்து உச்சிப் பக்கம் திருப்புவாள், சிவப்பைக் காட்டுவாள், உள்ளே இழுத்துப் போவாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் நல்ல வெயில். மத்தியான வெடி முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். நான் கொடித் துணியை அவிழ்த்துத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு உச்சியில் காற்று வாங்கினேன். நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கீழே கூச்சல் கேட்டது. தங்காயி அத்தனை பிள்ளைகளையும் உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் கையை விரித்து நின்றிருந்தாள். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று இரண்டு பிள்ளைகள் அழுதன. தன்னைத் தூக்க வந்த பாவாயியின் கையைத் தங்காயி கடித்துவிட்டாள்.

“இது ஆகாது. உன்ற புள்ளயக் கூட்டிட்டுப் போயிரு!” என்று பாவாயி கத்தினாள். தங்காயியின் அம்மா கல் கூடையோடு வந்து நின்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த அந்தச் சேலைத் துண்டை உருவினாள்.

வேடிக்கை பார்க்க நானும் இறங்கி வந்தேன். என்னைக் கண்டதும் தங்காயி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வேட்டியைப் பிடித்து, அவளால் முடிந்த மட்டும் கொட்டகைக்குள் இழுத்தாள். பாவாயி அவளைப் பார்த்தாள், பிறகு என் தலையில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். காலை இழுத்துக்கொண்டு வந்து முண்டாசைப் பிடுங்கி உட்காரும் பலகைக்கு அடியில் செருகினாள்.

தங்காயி என் வெறுந்தலையைப் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள். வாசலைவிட்டு நகர்ந்து பிள்ளைகளுக்கு வழிவிட்டாள்.

“அவ இங்கயே இருக்கட்டும்டி,” என்றாள் பாவாயி, கடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டு. “இவனயத்தான் மரத்துல கட்டிப் போடோணும்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு வாரம் கீழே வர முகமில்லை. அதன்பின் கொடியை வியர்வை துடைக்கக்கூடத் தொட்டதில்லை.

இரண்டு மாதத்தில் என் கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். அடுத்த வருஷம் அந்த வழியாக வந்தபோது கரடே இல்லை. பாதிக்குமேல் ரோடாகிப் போய்விட்டது. மிச்சம் தண்ணீர் தேங்கிய பள்ளம். பனங்கட்டைகளை யாரோ விறகுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முன்பு வேலையாட்களுக்குக் கூழ் விற்ற அம்மாள் மட்டும் ரோட்டோரத்தில் இருந்தாள். பாவாயி மேட்டூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றாள். தங்காயியும் அம்மாவும் நாமகிரிப்பேட்டைப் பக்கம், வேறொரு கரட்டுக்கு.

“அங்க புள்ளைங்களுக்குக் கொட்டகை இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“கொட்டகையா? அதெல்லாம் பாவாயி இருந்தாத்தானுங்க,” என்றாள்.