மரங்கொத்தியின் பெஞ்சு

லுத்தரன் இறையியல் கல்லூரியில் பிரசங்கம் செய்யச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மரங்கொத்தி. மாணவர் பீடத்தில் நின்று பேசிப் பழகும்போது அவர் சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நியாயப்பிரமாணம், பாவம், தண்டனை என்று மிரட்டிவிட்டு, சுவிசேஷத்தின் ஆறுதலுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் ஆள் சறுக்கினால் மோதிர விரலால் பெஞ்சில் ஒரு தட்டு. அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டும். காரணமெல்லாம் சொல்லமாட்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

அந்தத் தட்டை அதிகம் வாங்கியவள்தான் இப்போது அவர் இடத்தில் ஆசிரியை. பெரியவர் இறந்து, மூத்தவர்கள் ஓய்வு பெற்று, புது ஆட்கள் வந்ததும் பாடத்திட்டத்தைத் திருத்தக் கமிட்டி போட்டார்கள். அவள் விடாப்பிடியாக வாதாடித் தட்டி இறக்கும் வழக்கத்தை ஒழித்தாள். இனி யாரையும் பாதியில் இறக்கக் கூடாது. முடித்த பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் பயம் என்னோடு போகட்டும் என்பது மட்டுமே அவள் வேண்டுதல்.

அவளுடைய பயம் போனதா என்றால், எங்கே போகும்? கல்லூரி ஆராதனையில் அவள் பிரசங்கிக்கும்போது, தண்டனையிலிருந்து ஆறுதலுக்குத் திரும்பும் அந்த இடம் வந்தால் வாய் தானாக நின்றுவிடும். கண் கடைசி பெஞ்சுக்கு ஓடும். தட்டு விழவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். கேட்பவர்களோ, என்ன அழகாக நிறுத்திப் பேசுகிறார் என்று மெச்சினார்கள். கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். சாப்பிடும்போது ஸ்பூன் மேசையில் பட்டாலே அவள் பேச்சு அறுந்துபோவதை அவர் பார்த்திருக்கிறார்.

புதுப் பாடத்திட்டத்தின் முதல் வகுப்பு வந்தது. மரங்கொத்தியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மாணவி பீடத்தில் நின்று தெளிவாகத்தான் பேசினாள். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். ஆளில்லாத கடைசி பெஞ்சை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள். அடுத்து வந்த மாணவனும் அங்கேயே நிறுத்தி, அதே பெஞ்சைப் பார்த்தான். முன்வரிசையில் இருந்த ஆசிரியையும் திரும்பி அந்த பெஞ்சைப் பார்த்தாள்.

வட்டமாக உட்கார்ந்ததும் மாணவியிடம் கேட்டாள். "ஏம்மா அங்க நிறுத்துன?"

"நீங்க அப்படித்தானே பண்ணுவீங்க மேடம்? உங்களைப் பாத்துத்தான் எல்லாரும் கத்துக்கிட்டோம். ஒண்ணுதான் புரியல. அங்க யாரைப் பாக்கணும்?"

ஆசிரியை எழுந்து போய்க் கடைசி பெஞ்சில், அவர் இடத்திலேயே உட்கார்ந்தாள். அங்கே வெறும் பெஞ்சு இல்லை, நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று நினைத்தாள்.

"திரும்பச் சொல்லும்மா. நிறுத்தாம சொல்லு."

மாணவி பீடத்தில் ஏறித் தொடங்கினாள். அந்த இடம் வந்தது. குரல் நின்றது. அவள் கண் பெஞ்சின் மேல் இருந்த ஆசிரியையின் மோதிர விரலில் பதிந்தது. ஆசிரியை கையை மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் ஆசிரியைக்கே தன் விரல்மேல் நம்பிக்கை வரவில்லை. தட்டு எந்தப் பக்கமிருந்து வருமோ என்று மாணவியோடு சேர்ந்து அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.