ஒரகடம் சாலையைக் கடந்த விளக்குகள்

2012 மே, சனிக்கிழமை. கிரேக்கத் தீவு ஒன்றில் ஊரே விளக்கேந்திப் போகும் திருவிழாவை இன்டர்நெட்டில் பார்த்து நான் பெருமூச்சு விட்டபோது, எங்கள் கம்பெனி அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் அமலி சிரித்துவிட்டாள். "அதுக்கு இன்னாத்துக்கு ஃபிளைட்டு? எங்க ஊருக்கு வாங்கண்ணா." சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். அங்கிருந்து நடை.

மாலை ஆறு மணி. மாதா கோயில் வாசலில் கூண்டு விளக்கு இருபது ரூபாய்; நானும் ஒன்று வாங்கினேன். மூங்கில் கூட்டில் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்தி. பீடத்து விளக்கில் ஏற்றி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் மாதா சிலை இருக்கும் சின்னக் குகையான கெபிக்குக் கொண்டுபோய், ஜெபம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். வழியில் அணைந்தால் தீப்பெட்டி கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம்தான் நெருப்பு வாங்கலாம். ஊதி அணைக்கவும் கூடாது. அதுவாக எரிந்து முடிய வேண்டும்.

"எல்லாமே அணைஞ்சிட்டா?" என்றேன் கிண்டலாக.

"திரும்பி வூட்டுக்குத்தான். இந்த வருசம் வேண்டுதல் அவ்ளோதான்."

அமலி சிரிக்கவில்லை. போன வாரம் அவள் கணவனின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை ஆபரேஷன். அந்தக் கைக்காகத்தான் விளக்கெடுத்திருந்தாள்.

புதுச் செருப்பு கடித்ததால் நான் முனகிக்கொண்டே கடைசியில் வந்தேன். ஏழு மணிக்கு ஊர்வலம் பாதிச் சாலையைக் கடந்து நடுத்திட்டில் நின்றது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் சீறிக்கொண்டு போயின. அந்தக் காற்றில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாட்டு நின்றுவிட்டது.

"யார்கிட்டனா நெருப்பு இருக்குதா?" அமலியின் குரல் உடைந்திருந்தது.

நான் இன்னும் இந்தப் பக்கம், டீக்கடை மறைவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று சட்டென்று குறுக்கே நின்று, வருகிற லாரிகளை மறித்தது. டிரைவர் தலையை நீட்டினார். "ஓடாத சார், காத்துல அணைஞ்சிடும். மெதுவா போ. நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

முதலில் அமலி ஏற்றிக்கொண்டாள். அவளிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர். கண்மூடித் திறப்பதற்குள் நடுத்திட்டு முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. பஸ்ஸுக்குள் யூனிஃபார்ம் பையன்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கெபி வரை அமலி ஒரு தடவைகூட விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எட்டரைக்குத் திரும்பும் பஸ் வந்தது. கண்டக்டர் வழியை மறித்தார். "நெருப்போட ஏத்த மாட்டேன். ஊதிட்டு ஏறு சார்."

பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டேன். பாதி மெழுகு மிச்சமிருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து, லாரி வரும்போதெல்லாம் அதை என் வலது கையால் மறைத்துக்கொண்டேன்.