‘என் இஷ்டம்’ என்ற சொல்லை நம்பாத டாக்டர் வசுந்தரா

போன வியாழக்கிழமை காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது திருமுக்கூடல் சேகர் செல்போனில் கூப்பிட்டார். “சார், நம்ம டாக்டரம்மா பூட்டாங்க. புத்துநோயாம். யாருக்கும் சொல்லாமயே வெச்சிக்கினு இருந்தாங்களாம்.” டாக்டர் வசுந்தராவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எதிரே வந்து நின்ற காஞ்சிபுரம் பஸ்ஸில் நான் ஏறவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆய்வாளர், நான் டெக்னீஷியன். எட்டு வடிவில் சுற்றிய கம்பிச் சுருளைத் தலையருகே பிடித்து மின்சாரம் பாய்ச்சினால் ‘டக்’ என்று சத்தம் வரும். அதன் காந்த விசை, கத்தியோ ஊசியோ இல்லாமல், மூளையின் ஒரு சிறு இடத்தை ஒரு கணம் தட்டிவிடும். மனிதர் எப்படிக் கற்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அந்தத் தட்டலைக் கொண்டு ஆராய்வதுதான் எங்கள் வேலை.

முதலில் தன் தலையில்தான் வைக்கச் சொன்னார். டக். அவருடைய கட்டைவிரல் துள்ளியது. விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை நான் ஆட்டல ரவி. ஆனா விரல் என்னுதுதான்” என்றார். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

சோதனைக்கு வருபவர் முன்னால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். எந்தக் கையால் அழுத்துவது என்பது அவர் விருப்பம். ஒரு பக்கம் மதிப்பெண் அதிகம் விழும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள். அதன்பின் சுருளைப் பிடிப்போம். சிலர் கற்றதை விட்டுவிட்டு மறு கையால் அழுத்தத் தொடங்கினார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவர்கூட இயந்திரத்தைச் சொல்லவில்லை. நாற்று நடும் வேலையை விட்டு வந்திருந்த ஓர் அம்மா, “எனுக்கு அப்டி தோணுச்சி, அமுக்கினேன். என் இஷ்டந்தானே, இன்னா இப்ப?” என்றார். வசுந்தரா குறிப்பேட்டை மூடிவிட்டார். மறுநாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

சேகர் திருமுக்கூடலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான்தான் அழைத்து வந்தேன். உட்கார வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, வலிப்பு வந்ததுண்டா என்பது. சேகர் உடனே பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். “இல்லதானே?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன். “இல்ல சார்” என்றார். குறித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவர் தாடை இறுகியது. கண்கள் மேலே செருக, கை கால்கள் வெட்டி இழுத்தன. வசுந்தரா அவரைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டார். நான் சுருளைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

தெளிந்ததும் சேகர், “வண்டி ஓட்ட வுடமாட்டாங்கன்னுதான் மறைச்சேன். யாரும் என்னை இஸ்துக்கினு வரல. என் இஷ்டத்துலதான் ஒக்காந்தேன்” என்றார்.

ஆய்வுக்கூட இயக்குநருக்கு அது போதுமாக இருந்தது. “அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. நமக்குப் பேஜார் இல்ல.”

“இதே ரூம்ல எத்தனை பேர் அந்த வார்த்தையைச் சொன்னாங்க சார்? சுருளைப் புடிச்சிக்கினு நின்னது நாமதானே?” என்றார் வசுந்தரா.

பிறகு என்னைத் தனியே அழைத்து, “கேட்டப்ப அவரு யோசிச்சாரா?” என்றார். நடந்ததைச் சொன்னேன். “மிஷின் செய்யறதை நீங்க வாயாலயே செஞ்சிட்டீங்க, ரவி.” அவ்வளவுதான் சொன்னார். அறிக்கையில், கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை, பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் பெயர் அதில் இல்லை. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதன்பின் அவர் ஆய்வுப் பக்கமே போகவில்லை. வலிப்பு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேகருக்குக் கடைசிவரை மருந்து எழுதியவர் அவர்தான்.

அவருடைய ஊரான தாமலில் அடக்கம் முடிந்து ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது சேகர் அழுதார். “நான் மறைச்சதாலதான் சார் அவங்க வேலை பூட்ச்சி.” அப்போதுதான் சொன்னேன். நீங்கள் யோசித்தீர்கள், இல்லை என்ற சொல்லை நான் உங்கள் வாயில் வைத்தேன் என்றேன்.

சேகர் என்னைப் பரிவோடு பார்த்தார். “அப்டியெல்லாம் இல்ல சார். நானாதான் சொன்னேன். எனுக்குத் தெரியாதா?”



இப்போது உத்திரமேரூரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். வரும் பெண்களிடம் கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். பலர் பக்கத்தில் நிற்கும் மாமியாரைப் பார்ப்பார்கள். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்பேன். கேட்டபின் வாயைத் திறக்க மாட்டேன். பதில் வருவதற்குள் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கும். வசுந்தராவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பயம்தான். அதை விடாமல் வைத்திருக்கிறேன்.